என் ஊர்ச் சுவரில் அக்கா வீட்டுப் பெயர்

1

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் பொறாமை. இதைவிட நாகரிகமான சொல் ஒன்று அகப்படுமா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. அதுவும் யார் மேல் பொறாமை? முதல் உலகப் போரில் செத்துப்போன ஒரு மனுஷர் மேல். அவர் பெயர் சவரிமுத்து. எனக்கு அவர் ஒரு வகையிலும் சொந்தமில்லை. என் அக்கா அமலியின் வீட்டுக்காரர் அந்தோணி அத்தான்; அவருடைய தாத்தாவுக்கு இந்தச் சவரிமுத்து அண்ணன். அவ்வளவுதான் உறவு.

நான் இருப்பது பிரான்ஸின் வடக்கே, மேடு பள்ளமே இல்லாத பூமியில் ஒரு சிற்றூர். செங்கல் வீடுகள், பீட்ரூட் போல ஒரு கிழங்கு விளையும் வயல்கள், வருடத்தில் பாதி நாள் சிணுங்கிக்கொண்டிருக்கும் மழை. ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குக் கிடங்கு வேலை. லீவு நாள் என்று ஊரே அடங்கிக் கிடக்கும்போதுதான் அவருக்கு ஷிப்ட் போடுவார்கள். ஒரே மகள் ஜெனி, பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும்.

பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ராஜபாளையத்தை ஒட்டிய செட்டியார்பட்டியில். அத்தான் அங்கே தறி போட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிறார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நான் கல்யாணமாகி விமானம் ஏறப்போன அன்று அக்கா ஒரு பாகப்பிரிவினை பேசினாள்.

"ஏட்டி செசிலி, ஊரு எனக்கு, சீமை உனக்கு. பொறவு அதுல பங்கு இதுல பங்குன்னு ரெண்டு பேரும் சண்டைக்கு நிக்கப்பிடாது" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் நான் அதை மதித்தேன். அம்மா, அப்பா, வீடு, திருவிழா, மழைக்காலத்து மலை, ஆடி மாதம் தேரோட்டத்துக்குக் கூடும் கூட்டம் எல்லாவற்றையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது இந்தக் கிழங்கு வயல்தான். சென்ற வருடம் அதிலும் அவள் ஆள் ஒருவர் முந்தியே வந்து படுத்திருக்கிறார் என்று தெரிந்தது.

2

வேலைக்குப் போகும் பஸ் ஒரு வட்டமான மதில் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்தில் உயரமாக ஒரு கல்தூண். அது ஏதோ தண்ணீர்த் தொட்டி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்குத் தூக்கம் முக்கியம். எதற்கு இறங்கிப் பார்க்கிறேன்?

ஜெனிதான் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே போய்விட்டு வந்து சொன்னாள், அது இந்தியச் சிப்பாய்களுக்கான நினைவிடம் என்று. இங்கே பிள்ளைகளைப் போர்க்களங்களுக்குக் கூட்டிப்போவார்கள். கூடப் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்ல, ஆசிரியை இவள் முகத்தைப் பார்த்து, "இங்கே உன் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "நமக்கு எங்கேயும் யாரும் இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். ஊரில் இருக்கிறார்கள் என்றேன். அது அவளுக்குப் பதிலாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தான் வீட்டில் யாரோ இணையத்தில் தேடி, சவரிமுத்துவின் பெயர் அதே சுவரில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர் துப்பாக்கி தூக்கியவரில்லை. குண்டடிபட்டவர்களைத் தூக்கிவரும் ஆள். சீமைக்குப் போனவர் திரும்பவில்லை என்பது மட்டும்தான் அந்த வீட்டில் தெரியும். கல்லறை இல்லாததால், வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவைக்கு அடியில் அவர் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அக்காவும் கல்யாணமான நாள் முதல் ஏற்றிவருகிறாள்.

போன் அடித்தாள்.

"ஏட்டி, நாங்க வாரோம்."

கல்யாணமான நாளிலிருந்து அவளை வா வா என்று கெஞ்சியிருக்கிறேன். ஜெனி பிறந்தபோது கூப்பிட்டேன். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது அழுதே கூப்பிட்டேன். தறியைப் போட்டுவிட்டு வர முடியாது, குளிர் ஒத்துக்கொள்ளாது, பாஸ்போர்ட் இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பாள். உயிரோடு இருக்கிற தங்கச்சிக்கு வராதவள் இப்போது பாஸ்போர்ட் எடுத்து, கம்பளிச் சட்டை வாங்கி, தறிக்கு ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

"எப்ப வாரீய?" என்றேன்.

"கல்லறைத் திருநாளுக்கு அங்க நிக்கணும்னு அவியளுக்கு ஆசை."

எனக்கு வயிறு எரிந்தது. வெளியே, "வாங்கக்கா, வாங்க" என்றேன்.

3

இந்த நாட்டில் உடன்பிறந்தவளை வீட்டில் தங்கவைக்க நகராட்சியில் சான்றிதழ் வாங்க வேண்டும். வாடகை ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் வீடு எத்தனை சதுர மீட்டர் என்றாள். சொன்னேன். விருந்தாளிகள் எங்கே படுப்பார்கள் என்றாள். அவர்கள் எங்கள் கட்டிலில், நாங்கள் தரையில் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். வீட்டுக்காரர்கள் தரையில் படுப்பது இவர்களுக்குக் குற்றமா நோயா என்று புரியவில்லை போலும். சோபா விரித்தால் கட்டிலாகும் என்று பொய் சொன்னேன். முத்திரை விழுந்தது.

அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம் வரும். அம்மா இறந்தபோது என் தங்கும் அட்டை காலாவதியாகி, புதியது வராமல் கிடந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார்கள். ஜெனிக்கு அப்போது பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் முடிவை என்னிடமே விட்டார். நான் போகவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் படம் வந்தது, அதற்கப்புறம் நின்றுவிட்டது. அட்டை கைக்கு வந்தபோது யாரைப் பார்க்கப் போவது என்று தோன்றியது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

அதனால் அக்கா கல்லறைத் திருநாளுக்கு இங்கே வருகிறாள் என்றதும் முதலில் என் மண்டையில் ஏறியது இதுதான்: அப்படியானால் அன்றைக்கு அம்மாவை யார் பார்ப்பார்கள்? போனில் கேட்டேன்.

"கோயில்பிள்ளகிட்டச் சொல்லிட்டேன். அவரு கழுவி, வெள்ளையடிச்சு, மாலையும் போட்டுருவாரு. ஒரு வருசந்தானே."

ஒரு வருஷம்தான். ஆனால் அம்மாவைச் சர்ச் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் விட்டுவிட்டு யாரோ ஒரு சவரிமுத்துவைப் பார்க்க வருகிறாளே என்று எனக்கு ஆறவில்லை. கேட்க வாய் வந்தது. நான் கேட்கக்கூடிய கேள்வியா அது? அடக்கிக்கொண்டேன்.

4

வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் பால்கோவா வாசனை. ஜெனிக்கு அது பிடிக்காது, பல்லில் ஒட்டும் என்பாள். அக்கா ஒரு விள்ளல் எடுத்து வாயருகே கொண்டுபோனாள், வாங்கிக்கொண்டாள். இரண்டாவது விள்ளலுக்கும் வாயைத் திறந்தாள். நான் ஊட்டினால் துப்புகிற பிள்ளை.

அதிலிருந்து அவள் பெரியம்மா பின்னாலேயே திரிந்தாள். தொட்டுத் தடவி, கை ஜாடை காட்டி, பாதித் தமிழில் பேசினாள். பெரியப்பாவிடம், சவரிமுத்துத் தாத்தா எப்படி இருப்பார், படம் இல்லையா, உயரமா, எத்தனை வயதில் போனார் என்று கேள்வி மேல் கேள்வி. என் அப்பா, அவளுடைய சொந்தத் தாத்தா, என்ன வேலை பார்த்தார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்தார் என்று நானே இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்காவுக்கு எப்போதும் இந்த ராசி உண்டு. அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, வெள்ளைக் கவுன் போட்டு ராஜபாளையம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். எனக்கு முறை வந்தபோது மில் மூடிக்கிடந்தது. அவள் கவுனையே எனக்குப் பிடித்துத் தைத்தார்கள். படம் எடுக்கவில்லை. நடுவீட்டுச் சுவரில் அவள் மட்டும் மெழுகுவர்த்தியோடு நின்றாள்.

மறுநாள் கடைக்குக் கூட்டிப்போனேன். இந்தப் பருவத்தில் கடை வாசல் முழுக்கச் செவ்வந்தித் தொட்டிகளாக இருக்கும். இங்கே அது கல்லறைக்கு மட்டுமே வைக்கிற பூ. நான் வந்த முதல் வருடம் பக்கத்து வீட்டம்மாவின் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாக ஒரு தொட்டி வாங்கிப் போக, அந்தம்மா முகம் வெளுத்து, வெகுநாள் என்னோடு பேசவில்லை. அப்படி அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அது. அக்கா இறங்கினதும், "எம்புட்டுச் செவந்தி! தாத்தாவுக்கு ரெண்டு எடுத்துக்குவோம்" என்று நேரே போய் எடுத்தாள். கல்லாவில் இருந்த பெண் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

5

கல்லறைத் திருநாளன்று மழை இல்லை, வெயிலும் இல்லை. வானம் கழுவாத அலுமினியச் சட்டி போல இருந்தது. நான் இத்தனை வருடம் தூங்கிக்கொண்டே தாண்டிய நிறுத்தத்தில் அக்காவுக்காக இறங்கினேன். தூணின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய புலிகள் உட்கார்ந்திருந்தன.

"செண்பகத்தோப்புல இருக்கிறதக் கொண்டாந்து இங்க உக்கார வச்சிருக்காவளே" என்றாள் அக்கா, எங்கள் ஊர் மலையடிவாரக் காட்டை நினைத்து.

சுவர் முழுக்கப் பெயர்கள். பஞ்சாபிகள், கூர்க்காக்கள், கர்வால் மலைக்காரர்கள். ஜெனி முன்னே ஓடிப்போய்க் கீழ் வரிசையில் ஒரு மூலையில் சவரிமுத்துவைக் கண்டுபிடித்தாள். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். அக்கா முந்தானையால் கல்லைத் துடைத்தாள். இரண்டு செவ்வந்தித் தொட்டிகளையும் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னார்கள். ஜெனி பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தாள். படமெடுக்கும் வேலை என்னுடையது.

எடுத்தேன். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"பேரே விழலியே ஏட்டி. இதக் கொண்டுபோய் ஊர்ல காட்டுனா, எந்த மதில் முன்னால உக்காந்திருக்கீயன்னு கேப்பாக."

உண்மைதான். வெளிறிய கல்லில் வெளிறிய எழுத்து, வெளிச்சமும் வெளிறியது. நேரில் தெரிந்தது, படத்தில் வரவில்லை. எத்தனை கோணத்தில் எடுத்தும் வெறும் சுவர்தான்.

அத்தான் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டின்னையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்தார். கறுப்பு எனாமல் பெயிண்ட். முந்தின நாள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனது இதற்குத்தான்.

நம்மூரில் கல்லறைத் தோட்டத்தைக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பார்த்தவர்களுக்குப் புரியும். சுண்ணாம்பு வாளியும் கறுப்பு டின்னுமாக ஊரே அங்கேதான் நிற்கும். கல்லைக் கழுவி, வெள்ளையடித்து, பெயரைக் கறுப்பால் எழுத்து எழுத்தாக நிரப்புவார்கள். மறுநாள் பூசைக்கு வரும்போது ஒரு கல்லில் பெயர் மங்கிக் கிடந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். அத்தான் பிரஷ்ஷைத் தோய்த்தபோது, இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்த எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. முதல் எழுத்தில் கொஞ்சம் வெளியே வழிந்ததும், "அத்தான், ஓரத்தத் துடைங்க" என்று தாள் எடுத்து நீட்டியதும் நான்தான்.

மூன்றாவது எழுத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கத்தல். நினைவிடத்தைப் பராமரிக்கும் தோட்டக்காரர், கையில் இலை வாரும் துடைப்பத்தோடு ஓடிவந்தார். அப்போதுதான் நாங்கள் செய்துகொண்டிருப்பது எனக்கு உறைத்தது. அத்தான் பிரஷ்ஷைப் பிடித்தபடி எழுந்து நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொல்லு ஏட்டி. நம்ம ஊர்ல இப்பிடித்தாம்னு சொல்லு."

எனக்கு பஸ் பிரெஞ்சு தெரியும், சலவைப் பிரெஞ்சு தெரியும், நகராட்சிப் பிரெஞ்சும் ஓரளவு வரும். இதற்கான பிரெஞ்சு ஒரு சொல்கூட வாயில் இல்லை. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போலீஸ் என்ற சொல்லைச் சொன்னார்.

ஜெனி நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தாமல், தொடர்ச்சியாகப் பேசினாள். சுவரில் இருப்பவர் எங்கள் வீட்டு ஆள், நாங்கள் அழிக்க வரவில்லை, என் நாட்டில் இன்றைக்குப் பெயரை மங்க விடமாட்டார்கள் என்றாள். என் நாட்டில் என்றாள். பதினாறு வருடமாக அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராதா என்று தவம் கிடந்தவள் நான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பொங்கல், பாவாடை தாவணி என்று என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். அக்கா வீட்டுச் சவரிமுத்து ஒரே நாளில் வரவழைத்துவிட்டார். பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் பொத்துக்கொண்டு வந்தது.

தோட்டக்காரர் இறங்கி வந்தார். ஏதோ திரவம் ஊற்றித் துடைத்தார். காயாத பெயிண்ட் என்பதால் வந்துவிட்டது, முதல் எழுத்தின் வளைவில் மட்டும் கொஞ்சம் கறுப்பு நின்றுவிட்டது. அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று என் முகவரியை வாங்கிக்கொண்டார். போகும்போது ஜெனியிடம், பதினோராம் தேதி போர் நிறுத்த நாளுக்கு இங்கே மலர்வளையம் வைப்பார்கள், குடும்பத்தார் என்றால் நீங்களும் வைக்கலாம் என்றார்.

அதற்கப்புறம் ஜெனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் போனில் டார்ச்சைப் போட்டு, சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடித்தாள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் எழும்பி வந்தது. அத்தான், அக்கா, பெயர், வெளிச்சம் பிடித்த கையோடு ஜெனி எல்லாரும் படத்தில் விழுந்தார்கள்.

6

"பதினொண்ணாந் தேதி நாங்க இருக்க மாட்டோம்" என்றாள் அக்கா, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது. லூர்து மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அவர்கள் ஊருக்கு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. "நீ போய் நில்லு."

"நானா? எனக்கும் அவருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வீட்டு ஆள்னு யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்லா" என்றாள். அத்தான் தட்டைப் பார்த்தபடியே, "கொழுந்தியா நின்னா நான் நின்ன மாதிரிதான்" என்றார். மறுக்க முடியவில்லை. நின்று தொலைக்கிறேன் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

பதினோராம் தேதி மழை. மேயர், கொடி பிடித்த முதியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாருக்கும் குடை. ஜெனி அந்த ஆசிரியை பக்கத்தில் நின்றாள். மலர்வளையத்தை என் கையில் கொடுத்தார்கள். வைக்கப் போகும்போது மேயர் மெதுவாக, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரரின் தாத்தாவின் அண்ணன் என்பதை மழையில் நின்று எப்படிச் சொல்வது? சொல்ல இஷ்டமும் இல்லை. "எங்க தாத்தா" என்றேன் பிரெஞ்சில். ஜெனிக்குக் காதில் விழுந்தது.

குனிந்து வைத்தேன். வைத்துவிட்டுக் கல்லைக் கையால் துடைத்தேன், பழக்கம். குழல் ஊதினார்கள். கல் ஈரமாக, சில்லென்று இருந்தது. அம்மாவின் கல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பெரிசா சின்னதா, படுத்த கல்லா நிறுத்திய கல்லா, தொட்டால் சொரசொரப்பாக இருக்குமா? அழுகை வந்துவிட்டது. இவர்கள் நாகரிகமாகக் கண்ணைத் துடைக்கிற மாதிரி அழுகையில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, நம்மூர் அழுகை. மேயர் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். ஜெனி கூட்டத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

7

யாரோ எடுத்த படத்தை வாங்கி ஜெனி பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"போட்டோ பாத்தேன். அவியளுக்கு ரொம்ப சந்தோசம். பெருசாப் போட்டுத் தறிச்செட்டுல மாட்டணும்னு சொல்லுதாக."

"மாட்டட்டும்."

பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"நீ ஏன் ஏட்டி அம்புட்டு அழுதிருக்க?"

"தெரியலக்கா."

"அதப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அம்மாவ அடக்கம் பண்ணும்போது நான் ஒத்தையில நின்னு அழுதேன். பக்கத்துல சாஞ்சுக்க ஒரு தோளு இல்ல. வந்தவுக எல்லாம் சின்னவ வரலியா, சின்னவ வரலியான்னு கேட்டாக. இப்பம் பாத்தா, எங்க மாமனார் வீட்டு ஆளுக்கு நீ இப்பிடி அழுதுட்டு நிக்க."

அவள் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் அதிலேயே குளித்துக்கொண்டிருப்பவள்.

"அம்மாவுக்குத்தாங்க்கா அழுதேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். தறிச் சத்தம் தள்ளிப் போயிற்று. தறிக்கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அங்க நின்னு அழுதா எனக்கு எப்பிடிக் கேக்கும்? இங்க வந்து அழு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.